பெலித்தாவின் குரலுக்காக

சுதந்திரம் வந்த அன்று என் அப்பா தொப்பியைக் கழற்றவில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது. நாங்கள் குடியிருந்த நிலம் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குச் சொந்தம். குடியிருப்பதற்கு வாடகையாக அப்பா வருஷத்தில் சில மாதம் கூலியில்லாமல் அவருக்கு உழைத்துக் கொடுத்தார். துரையின் கார் வந்தால் பாதையை விட்டு இறங்கி, தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, புழுதி அடங்கும்வரை நிற்க வேண்டும். அறுபத்து நான்காம் வருஷம் ஜூலை ஆறாம் தேதி காலையிலும் கார் வந்தது. அப்பா பாதையோரமாகத்தான் நடந்தார். ஆனால் நிற்கவில்லை, தொப்பியில் கை வைக்கவில்லை. அன்று வீட்டில் கோழி அடித்தோம்.

அந்த நாளை நான் உண்மையாகவே நேசித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்ட பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு இருபத்தெட்டு வயதானபோது எங்கள் ஊர் நன்சாட்டோவில் கட்சியின் பெண்கள் கிளைக்கு என்னைச் சேர்மன் ஆக்கினார்கள். ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் அப்போது நான் ஒருத்திதான். நாட்டில் இருந்தது ஒரே கட்சி. கட்சி அட்டை இல்லாமல் சந்தைக்குள் நுழைய முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. ஒவ்வொரு சுதந்திர நாளுக்கும் எல்லா மாவட்டத்திலிருந்தும் பெண்களை லாரியில் ஏற்றி பிளாண்டயர் நகரத்து ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோவார்கள். அதிபரின் முகம் அச்சிட்ட சித்தெஞ்சே துணியை இடுப்பில் சுற்றி, அதே துணியில் ரவிக்கையும் தலைக்கட்டுமாக ஆயிரக்கணக்கில் நின்று பாடி ஆடுவோம். ஆள் சேர்ப்பது, பாட்டுப் பழக்குவது, வராதவர்கள் பெயரை மேலே சொல்வது, இவைதான் என் வேலை. அதன் பிறகு என்னை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வயதானவர்கள்கூட ‘சேர்மன்’ என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பெலித்தா என்னைவிட எட்டு வயது இளையவள். அவள் கணவன் தேயிலை ஆலையில் காவல்காரன். மெலிந்த உடம்பு. கூட்டத்தில் நின்றால் கண்ணிலேயே படமாட்டாள். ஆனால் வாயைத் திறந்து முதல் அடியை எடுத்தாளானால், இரண்டு வரிசை தள்ளிக் கொழுந்து பறிப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் கிளையில் அறுபது பெண்கள் பாடினோம். கேட்டவர்கள் காதில் விழுந்தது அவள் ஒருத்தியின் குரல்தான். மற்ற நாட்களில் அவள் யாரிடமும் சத்தமாகப் பேசிக்கூட நான் கேட்டதில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் சுதந்திரத்தின் வெள்ளிவிழா. எங்கள் மாவட்டத்திலிருந்து மூன்று கிளைகளை மட்டும் மேடைக்கு நேர் எதிரே நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பிளாண்டயரில் ஒத்திகை பார்த்து யார் பாட்டு நன்றாயிருக்கிறதோ அவர்களைத் தேர்ந்தெடுப்பார்களாம். நான் மே மாதத்திலிருந்தே பெண்களைத் தினமும் மாலையில் பள்ளிக்கூடத் திடலுக்கு இழுத்தேன். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வந்தவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். நான் உட்கார விடமாட்டேன். முன்வரிசையில் நிற்க வேண்டும் என்கிற ஆசை எனக்குள் பசி மாதிரி வளர்ந்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, மாவட்டத் தலைவி அனஸ்டாசியா அம்மா எல்லாக் கிளைச் சேர்மன்களையும் தியோலோ டவுனுக்குக் கூப்பிட்டிருந்தார். உயரமான பெண்மணி, கணீரென்ற குரல். அவருக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் மண்டியிட்டுத்தான் வணக்கம் சொல்வோம். லாரி எப்போது வரும், எத்தனை நாள் தங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார். வீட்டில் சாகக் கிடப்பவர்கள் இருக்கிற பெண்களையும் நிறைமாதக்காரிகளையும் இந்த முறை விட்டுவிட வேண்டும். போன வருஷம் ஒருத்தி லாரியிலேயே மயங்கி விழுந்து வீண் பேச்சாகிவிட்டது. அப்படிப்பட்டவர்களின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சொல்லிவிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நான் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். வீட்டில் மேஜைமேல் விரித்து வைத்தேன்.

மறுநாள் மாலை பெலித்தா வந்தாள். மழையா பனியா என்று சொல்ல முடியாத எங்கள் ஜூலைக் குளிர்காலத் தூற்றல் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியிலேயே மண்டியிட்டாள். அவள் அம்மா அலெஃபா இரண்டு வாரமாகப் படுத்த படுக்கை என்பது ஊருக்கே தெரியும்.

“சேர்மன், அம்மாவுக்கு நேத்திலேருந்து கஞ்சி எறங்க மாட்டேங்குது. என் கையப் புடிச்சிட்டு விடவே மாட்டேங்குறாங்க. இந்த ஒரு தடவ மட்டும் நான் நின்னுக்கட்டுமா?”

நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தாள் கண்ணில் படும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தும் கூப்பிடவில்லை.

“என் கையில என்ன இருக்கு பெலித்தா? மேலேருந்து வந்த உத்தரவு. நாளைக்கு லாரியில நீ இல்லன்னா கட்சிப் பசங்க உன் வீட்டுக் கதவத் தட்டுவாங்க. உம் புருஷன் வேலையையும் நெனச்சுக்கோ.”

‘சரி சேர்மன்’ என்றாள். எழுந்து, ஈரத்தில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து போனாள். நான் உள்ளே வந்து, எழுத ஒருவருமில்லை என்று தாளில் கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை லாரி வந்தது. மூன்று நாள் பிளாண்டயரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் சிமெண்டுத் தரையில் படுத்தோம். ஒத்திகையில் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வியாழக்கிழமை, ஆறாம் தேதி, ஸ்டேடியத்தில் மேடைக்கு நேர் எதிரே நின்றோம். பெலித்தா பாடினாள். அவ்வளவு பெரிய கூட்டம் அவள் முதல் அடியை எடுத்ததும் ஒரு கணம் அடங்கியது. மேடையிலிருந்து யாரோ எங்கள் பக்கமாகக் கையசைத்தார்கள். அது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணீர் வந்தது. நாட்டை நினைத்து வந்த கண்ணீர் என்றே அப்போது நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் லாரி எங்கள் ஊர் முக்கில் நின்றது. அங்கிருந்தே பெலித்தாவின் வீடு தெரியும். வாசலில் பெண்கள் தலையில் துணி போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் தள்ளி, மாமரத்தடியில். அலெஃபா புதன்கிழமை இறந்து, மறுநாள் காலையில், நாங்கள் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், புதைத்துவிட்டிருந்தார்கள். பெலித்தா லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான்தான் இடுப்பைப் பிடித்து இறக்கினேன்.

விழாத் துணியை மாற்றக்கூட இல்லாமல் அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நடிப்பு என்று சொல்ல மாட்டேன், அழுகை நிஜமாகவே வந்தது. துக்கம் காக்கும் நாற்பது நாளும் அவள் வீட்டுக்குப் போனேன். சோள மாவு கொண்டுபோனேன், விறகு கொண்டுபோனேன், என் வீட்டுக் கோழியைக் கொடுத்தேன். சேர்மனாக இருந்தும் எவ்வளவு இறங்கி வருகிறாள் பார் என்று ஊர் மெச்சியது. அதன் பிறகு பெலித்தா என்னைச் சேர்மன் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். ‘அக்கா’ என்றாள். கூடப் பிறந்தவள் மாதிரியே பழகினாள். என் கணவர் ஜோஹன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனவர் திரும்பவே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் களி கிண்டிக் கொண்டுவருபவள் அவள்தான்.

தொண்ணூற்று நான்கில் காலம் மாறியது. பல கட்சி வந்தது, தேர்தல் வந்தது. பழைய சித்தெஞ்சே துணிகளைச் சிலர் அடுப்பில் போட்டார்கள், சிலர் கால்மிதியாக்கினார்கள். பல ஊர்களில் எங்களைப் போன்ற சேர்மன்களை வீதியில் விரட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பையன்கள் இருபது பேர் என் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள். என் கூரைத் தகரத்தில் கற்கள் விழுந்தன. “வெளிய வந்து ஆடிக் காட்டு சேர்மன், நாங்க கை தட்டுறோம்” என்று ஒருவன் கத்தினான். நான் கதவுக்குப் பின்னால், தரையில் குந்தியிருந்தேன்.

பெலித்தாவின் குரல் கேட்டது. என் கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றிருக்கிறாள்.

“கல்லக் கீழ போடுங்கடா. இவங்க என்ன பண்ணுவாங்க? மேலேருந்து சொன்னாங்க, செஞ்சாங்க. செய்யலன்னா இவங்களத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. எங்கம்மா செத்தப்போ எங்கூட உக்காந்து அழுதது உங்க ஆத்தாளுங்களா, இவங்களா?”

பையன்கள் கலைந்து போனார்கள். அவள் கதவைத் தட்டி, ‘போயிட்டானுங்க அக்கா, தெறங்க’ என்றாள். நான் வெகுநேரம் திறக்கவில்லை. பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்து அவள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு, அந்தக் காலத்தில் ஊரை ஆட்டிவைத்த யாரைக் கேட்டாலும் ‘எங்களைக் கட்டாயப்படுத்தினார்கள்’ என்று சொல்லும் காலம் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது உண்மை. நானும் அந்தக் கும்பலில் கலந்துகொண்டேன். சர்ச்சிலும் சொன்னேன், ரேடியோவிலிருந்து வந்து கேட்ட பெண்ணிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பழகிவிட்டது. துரையின் காரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றாத அப்பாவைப் பற்றியும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நெகிழ்ந்துபோய்ப் பதிவு செய்துகொண்டாள். அந்தச் சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, ஊரில் ஒரு பெண் தன் தாயின் பக்கத்தில் உட்கார என் வாசலில் மண்டியிட்டுக் கேட்க வேண்டியிருந்ததைச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கில் ஐம்பதாவது வருஷம். எங்கள் பள்ளிக்கூடத் திடலிலேயே கொடியேற்றிப் பெரிதாகக் கொண்டாடுவது என்று நக்கோமா வாத்தியார் ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர், தொண்ணூற்று நான்கில் குழந்தையாக இருந்தவர். பழைய பெண்கள் ஒருமுறை ஆடிக் காட்ட வேண்டும், இளையவர்கள் பார்க்க வேண்டும் என்று வந்து கேட்டார். அதிபர் புகழ் வேண்டாம், நாட்டைப் பற்றிய பாட்டு மட்டும் போதும் என்றார். பெலித்தாவிடம் போனபோது நானும் உடன் இருந்தேன். அக்கா ஆடினால் தானும் பாடுவதாக அவள் சொன்னாள். ஆனால் காலையில் முதலில் மயானத்துக்குப் போய்விட்டுத்தான் வருவாளாம். ஒவ்வொரு வருஷமும் ஆறாம் தேதி அவள் அம்மாவின் மேட்டில் புல் செதுக்கிவிட்டு வருவது வழக்கமாம். கட்டாய ஆட்டம் நின்றதிலிருந்து, இருபது வருஷமாகப் போகிறாளாம்.

எனக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் வருஷா வருஷம் நான் கொடிக்கம்பத்தடியில் நின்றிருப்பேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வாத்தியார் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார், முன்னாள் மாவட்டத் தலைவி அனஸ்டாசியா அம்மா தலைமை விருந்தினராக வரச் சம்மதித்துவிட்டாராம். தியோலோவில் மகன் வீட்டில் இருக்கிறார், கார் அனுப்பினால் போதும். பழைய நாட்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார், நீங்களும் பெலித்தா அம்மாவும் அவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்றார்.

அனஸ்டாசியா அம்மா பேச்சுவாக்கில், ‘நான்தான் நோயாளி வீட்டுப் பெண்களை விடச் சொன்னேனே’ என்று சொல்லிவிட்டால்? பெலித்தா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது? இருபத்தைந்து வருஷம் வாய் திறக்காதவள், அந்தப் பயத்தில்தான் சனிக்கிழமை காலையில் பெலித்தாவின் வீட்டுக்கு நடந்தேன். மனசாட்சி என்னை அனுப்பியது என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். உண்மை அதுவல்ல.

அவள் முற்றத்தில் பாய் விரித்துத் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அக்கா. நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. கை ரெண்டும் சும்மாத்தானே இருக்கு, உரிங்க.”

நான் உட்கார்ந்து ஒரு பிடி காயை மடியில் போட்டுக்கொண்டேன். நாளைக்கு எந்தப் பாட்டை முதலில் எடுப்பது, ஸ்ருதி முன்பு போல ஏறுமா என்றெல்லாம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு ஓய்ந்தபோது ஆரம்பித்தேன்.

“பெலித்தா, அந்த வருஷம் உங்கம்மா படுத்திருந்தப்போ, நின்னுக்கட்டுமான்னு எங்கிட்ட வந்து கேட்டியே.”

“கேட்டேன். அதுக்கென்ன இப்போ?”

“உத்தரவுன்னு சொன்னேன். அப்படி உத்தரவு இல்ல. சாகக் கெடக்குறவங்க வீட்டுப் பொண்ணுங்கள விட்டுடச் சொல்லி அனஸ்டாசியா அம்மா முந்தின நாளே சொல்லிட்டாங்க. பேர் எழுதத் தாளும் குடுத்தாங்க. நான் எழுதல.”

அவள் இரண்டு மூன்று காய்களை உரித்தாள். பிறகு கை நின்றது.

“நான் வந்து கேட்டப்போ அந்தத் தாள் எங்க இருந்துச்சு?”

“உள்ள. மேஜை மேல.”

“ஏன் எழுதல?”

“நீ இல்லன்னா நம்ம கிளைய முன்னால நிறுத்தியிருக்க மாட்டாங்க.”

“என் பாட்டுக்காக.”

“ஆமா.”

ஒரு கோழிக்குஞ்சு பாயில் ஏறிப் பருப்பைக் கொத்தியது. அவள் அதை மெதுவாகத் தள்ளிவிட்டாள். அவள் அழுவாள், அல்லது என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“அன்னிக்கு நான் நல்லா பாடினேனா?”

“பாடினே. அப்படி நீ அதுக்கு முன்னாலயும் பாடினதில்ல, அப்புறமும் பாடினதில்ல.”

“எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்ல” என்றாள். “அம்மா கையப் பிரிச்சு விட்டுட்டு வந்தது மட்டுந்தான் ஞாபகம். ஒவ்வொரு விரலாப் பிரிக்க வேண்டியிருந்துச்சு.”

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “இத எதுக்கு இன்னிக்கு வந்து சொல்றீங்க?”

அந்த இடத்தில் ஒரு பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. மனசு உறுத்தியது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். “நாளைக்கு அனஸ்டாசியா அம்மா வர்றாங்க. அவங்க வாயால வந்துடுமோன்னு பயம்” என்றேன்.

“அதானே” என்றாள். முறத்தை இழுத்து, என் மடியில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதில் போட்டாள். நான் உரித்து வைத்திருந்த பருப்பையும் வழித்து எடுத்தாள். “எந்திரிங்க சேர்மன். எனக்கு வேலை கெடக்கு.”

மறுநாள் திடலில் கூட்டம் நிறைந்திருந்தது. நாங்கள் பதினோரு பேர் பழைய பெண்கள், வாத்தியார் வாங்கிக் கொடுத்த புதுத் துணியில் வரிசையாக நின்றோம். பெலித்தாவைக் காணவில்லை. கொடியேறிய பிறகுதான் வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் ஈர மண். நேராகப் போய்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில், ஓலைப்பாயில் உட்கார்ந்துகொண்டாள். வாத்தியார் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கழுத்தைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தாள். வாத்தியார் இறங்கிப் போய்க் குனிந்து கேட்டார். ‘தொண்டை கட்டியிருக்கிறதாம்’ என்று திரும்பி வந்து எங்களிடம் சொன்னார். எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வாக்கியம் போதும். அதை அவள் சொல்லவில்லை.

முதல் அடியை நான் எடுத்தேன். குரல் நடுவில் உடைந்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு ஸ்ருதியில் சேர்ந்தார்கள். பையன்கள் சிரித்தார்கள், சிலர் போனில் படம் பிடித்தார்கள். இரண்டாவது பாட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

அனஸ்டாசியா அம்மா மேடையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். சுருங்கிச் சிறுத்துப் போயிருந்தார். கண்ணாடி ஏறக்குறைய முகத்தையே மறைத்தது. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன்.

“நீங்க இந்த ஊரா?” என்றார்.

“ஆமாம்மா. இங்க கிளைச் சேர்மனா இருந்தேன். எண்பத்தொன்பதுல முன்வரிசையில நின்னோமே.”

“அப்படியா, நல்லது. எத்தனை சேர்மன், எத்தனை வருஷம். எல்லாரும் ஒரே துணியில இருப்பீங்க, மொகத்த எங்க ஞாபகம் வச்சுக்குறது?” என்று சொல்லிச் சிரித்தார். நாட்டைப் பற்றியும், அந்தக் காலத்து ஒழுக்கத்தைப் பற்றியும் ஐந்து நிமிஷம் பேசினார். தாளைப் பற்றி, விடச் சொன்னதைப் பற்றி, ஒரு சொல் இல்லை. அவருக்கு எதுவுமே நினைவில்லை.

அப்போது எனக்குள் ஓடிய நினைப்பை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ‘சொல்லாமலே இருந்திருக்கலாமே’ என்று நினைத்தேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் பெலித்தா இன்னும் என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டேன். நான் செய்ததிலேயே எதற்காக அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், தாளில் கோடு கிழித்ததைவிட, கதவுக்குப் பின்னால் குந்தியிருந்ததைவிட, அந்த ஒரு கணத்தைத்தான் சொல்வேன்.

ஒரு வருஷம் போனது. பெலித்தா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால், வயதில் மூத்தவளுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையோடு முழங்கால் மடக்கி, ‘நல்லா இருக்கீங்களா சேர்மன்’ என்று கேட்டுவிட்டுப் போவாள். பதிலுக்கு நிற்க மாட்டாள். உங்கள் இருவருக்கும் என்ன சண்டை என்று பெண்கள் என்னைக் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த ஜூலை ஆறாம் தேதி நான் கொடியேற்றத்துக்குப் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனேன். எங்கள் மயானத்தில் மரங்களை வெட்டுவதில்லை, பகலிலும் இருட்டாக இருக்கும். தூற்றல் இலைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. பெலித்தா குனிந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். என்னையும் மண்வெட்டியையும் பார்த்தாள்.

“வேண்டாம் சேர்மன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “இங்க வேண்டாம்.”

நான் திரும்பினேன். வழியில் நக்கோமா வாத்தியார் சைக்கிளில் கொடியோடு வந்தவர் இறங்கி நின்றார். ஏன் இந்தப் பக்கம் போகிறீர்கள், திடலுக்கு வரவில்லையா, நீங்கள் இல்லாமல் சுதந்திர நாளா என்று கேட்டார். அவரிடம் சொல்லிவிட்டேன். தாளைப் பற்றி, மேஜையைப் பற்றி, முன்வரிசையைப் பற்றி, கல்லெறிந்த பையன்களைத் தடுத்தது யார் என்பதைப் பற்றி. தூற்றலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை எனக்கு யாரிடமும் பயம் இல்லை, எந்தத் தலைமை விருந்தினரும் வரவில்லை. அவர் சைக்கிள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லி ஏறிப் போய்விட்டார்.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் சொன்னேன். ஆனாலும் தாங்குவது வேறாக இருந்தது. சர்ச்சில் என் பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. அடிகுழாய்க்குப் போனால் பேச்சு நின்றுவிடும். ‘நம்ம அம்மாக்களுக்கெல்லாம் என்ன எழுதாம விட்டாளோ’ என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நான் தண்ணீர் எடுக்கப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். எல்லோரும் எடுத்துவிட்டுப் போன பிறகு, வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில் போவேன்.

செப்டம்பரில் ஒரு நாள் அப்படிப் போனபோது பெலித்தா வந்தாள். வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நான் என் வாளியை நிறைத்து நகர்த்தி வைத்தேன். அவள் தன் வாளியைக் குழாயடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கைப்பிடியைத் தொடாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, தேயிலைக் காட்டைப் பார்த்தபடி நின்றாள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். கோடையில் எங்கள் குழாயில் தண்ணீர் ஏற நேரமாகும், என் தோளும் பழைய தோள் இல்லை. நான் பெருமூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை, போதும் என்று சொல்லவில்லை. வாளி விளிம்புவரை நிறைந்ததும் குனிந்து, தனியாகவே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து போனாள்.